விடை பத்திக்குள்ளேதான் இருக்கிறது
ஆங்கிலக் கருத்துணர்தல்: சிறப்புக் கேள்வி–பதில்

மலாக்காவின் அலோர் காஜா வட்டாரத்திலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் கையெழுத்துகள் வேறு வேறு, கவலை ஒன்றுதான். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம் ஆங்கிலம், பல்கலைக்கழகம் போக எழுதும் மூவெட் ஆங்கிலத் தேர்வின் வாசிப்புத் தாள், பல்கலைக்கழக இடம். ஆகவே இம்முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஆறாம் படிவ மாணவி, ரெம்பியா: மூவெட் வாசிப்புத் தாள் என்றாலே கை நடுங்குகிறது. அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஏழு பகுதி, 40 கேள்வி, 75 நிமிடம். முதல் பகுதியில் 4 கேள்வி. இரண்டிலும் மூன்றிலும் ஐந்தைந்து. நான்கிலும் ஐந்திலும் ஆறாறு. கடைசி இரண்டிலும் ஏழேழு. போகப் போகப் பத்தி நீளும், கருத்தும் கனக்கும். கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. அதனால் நேரத்தை முன்கூட்டியே பங்கு போட்டுக்கொள்: முதல் மூன்று பகுதிக்கு 20 நிமிடம், நான்குக்கும் ஐந்துக்கும் 22, கடைசி இரண்டுக்கு 28. மீதி 5 நிமிடம் சரிபார்க்க. ஒரு நிரையில் எத்தனை ரப்பர் மரம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் உன் தாத்தா கத்தியை எடுத்திருப்பார். நீயும் அளவைத் தெரிந்துகொண்டு உட்கார், தங்கச்சி. நடுக்கம் தானாகக் குறையும்.

ஒரு தந்தை, பூலாவ் செபாங்: தமிழ்ப்பள்ளியில் போட்டதால்தான் மகனுக்கு ஆங்கிலம் வரவில்லை என்று உறவினர்கள் குத்துகிறார்கள். உண்மையா?

உண்மை இல்லை, ஐயா. தமிழ்ப்பள்ளியில் உங்கள் மகன் ஆறு ஆண்டுகள் கருத்துணர்தல் பயின்றிருக்கிறான். பத்தியைப் படிப்பது, மையக் கருத்தைப் பிடிப்பது, சொல்லாமல் விட்டதை ஊகிப்பது ஆகிய மூன்றையும் அங்கேதான் கற்றான். மூவெட்டிலும் கேட்பது இந்த மூன்றைத்தான். ஒரு மொழியில் ஊன்றிய வாசிப்புத் திறன் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்று கனடாவின் கல்வியியலாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் எடுத்துரைத்தார். இருமொழிக் கல்வி பற்றிய பேச்சில் இன்றும் அந்தக் கருத்து அடிக்கடி வருகிறது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். திறன் கைகொடுக்க வேண்டுமென்றால் அந்த மொழியில் போதுமான சொல் வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் குறைவாக இருப்பது அறிவு அன்று; ஆங்கில எழுத்தோடு கழித்த நேரம்தான். வீட்டில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், கைத்தொலைபேசியில் படம். ஆங்கிலத்துக்கு நாளில் எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1816 அக்டோபர் 21-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து வளர்ந்து வந்தது நம் தமிழ்க்கல்வி. குற்றத்தை அதன் தலையில் போடாதீர்கள்.

ஐந்தாம் படிவ மாணவன், அலோர் காஜா: ஆங்கில வாக்கியம் நீண்டால் பாதியிலேயே வழி தவறிவிடுகிறேன். என்ன செய்வது?

தம்பி, வழி தவறும் இடம் எனக்குத் தெரியும். தமிழில் பயனிலை கடைசியில் வரும். "ஆற்றோரம் குடியிருந்த மரம் வெட்டுபவர் தம் சைக்கிளை விற்றார்" என்கிறோம். யார் எப்படிப்பட்டவர் என்ற விவரமெல்லாம் பெயருக்கு முன்னாலேயே வந்து நின்றுவிடும். ஆங்கிலத்தில் அந்த விவரம் பெயருக்குப் பின்னால் வரும்: "தி டேப்பர் ஹூ லிவ்ட் நியர் தி ரிவர் சோல்ட் ஹிஸ் பைசிகிள்." அவசரக் கண்ணுக்கு "ரிவர் சோல்ட்" என்பது சேர்ந்து தெரியும். ஆறு சைக்கிளை விற்றதாக வாசித்துவிட்டு, பத்தி புரியவில்லை என்று நொந்துகொள்வோம்.

இதற்கு மருந்து ஒன்றே. ஒவ்வொரு நீண்ட வாக்கியத்திலும் முதலில் எழுவாயைப் பிடி. பிறகு அதற்குரிய பயனிலையைத் தேடிப் பிடி. நடுவில் "ஹூ", "விச்", "தட்" என்று தொடங்கும் துண்டைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போடு. "தி டேப்பர் … சோல்ட்." எலும்பு கிடைத்துவிட்டது. இனி அடைப்புக்குள் இருக்கும் சதையைச் சேர்த்துக்கொள். ஒரு வாரம் நாளுக்கு ஐந்து வாக்கியம் இப்படிச் செய். இரண்டாம் வாரம் பென்சில் இல்லாமலேயே உன் கண் அந்த அடைப்பைப் போட்டுவிடும்.

உனக்கு ஒரு பலமும் இருக்கிறது. வந்தான், வருகிறான், வருவான் என்று வினையிலேயே காலத்தைக் காட்டும் மொழி உன்னுடையது. மலாயில் காலத்துக்கேற்ப வினைச்சொல் மாறாது. "சுடா", "ஆக்கான்" என்று தனிச்சொல் சேர்த்துத்தான் காலம் சொல்வார்கள். ஆங்கில வினையில் காலம் மாறுவதைக் கவனிக்கும் பழக்கம் உனக்குத் தாய்மொழியிலேயே வந்துவிட்டது.

அதே மாணவன்: முதலில் கேள்வியைப் படிப்பதா, பத்தியைப் படிப்பதா?

முதலில் கேள்வி வாக்கியத்தை மட்டும் படி. அ, ஆ, இ என்று கொடுத்திருக்கும் விடைகளைப் படிக்காதே. பிறகு பத்தி. பிறகு உன் சொந்த விடையை மனத்தில் சொல்லிப் பார். கடைசியாக, அதற்கு மிக அருகில் இருக்கும் விடையைத் தேர்ந்தெடு. விடைகளை முதலில் படித்தால் பொய்களையும் மனத்தில் ஏற்றிக்கொண்டுதான் பத்திக்குள் நுழைவாய்.

மெட்ரிகுலேஷன் மாணவி, மஸ்ஜிட் தானா: தெரியாத சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடுகிறேன்.

நிற்காதே. மூன்று கதவைத் தட்டு. முதல் கதவு, பக்கத்து வாக்கியம். கடினமான சொல்லைப் போட்ட எழுத்தாளர் பெரும்பாலும் அடுத்த வரியிலேயே எளிய சொல்லில் அதை விளக்கிவிடுவார். இரண்டாம் கதவு, சொல்லின் உடம்பு. "அன்", "மிஸ்", "டிஸ்" என்று முன்னால் ஒட்டினால் எதிர்மறை அல்லது கோளாறு. பின்னால் "லெஸ்" என்று முடிந்தால் ஏதோ ஒன்று இல்லை. மூன்றாம் கதவு, கேள்வி. அந்தச் சொல்லைப் பற்றிக் கேள்வி எதுவும் இல்லையென்றால் வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்து போ.

மலாயும் உனக்கு உதவும். எக்கோனோமி, டெக்னோலோகி, யூனிவர்சிட்டி என்று ஆங்கிலத்தோடு ஒத்துப்போகும் சொற்கள் மலாயில் ஏராளம். ஆனால் எழுத்து ஒன்று, பொருள் வேறு என்று ஏமாற்றும் சொற்களும் உண்டு. மலாயில் "ஆயர்" என்று தண்ணீருக்கு எழுதும் மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் "ஏர்" என்று படித்தால் காற்று. மலாயில் மணியைக் குறிக்கும் "ஜாம்" ஆங்கிலத்தில் ரொட்டியில் தடவுவது, அல்லது சாலை நெரிசல். மலாயில் "மாயின்" விளையாட்டு. அதே எழுத்து ஆங்கிலத்தில் "மெயின்", அதாவது முதன்மையானது. மூன்று மொழியில் படிக்கும் பிள்ளை எந்த வீட்டில் நிற்கிறோம் என்று ஒரு நொடி பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு மாணவன், சிம்பாங் அம்பாட்: சின்னச் சொற்களிலும் ஏமாறுகிறேன். எடுத்துக்காட்டு சொல்லுங்கள்.

"எ ஃபியூ" என்றால் சிலர் இருக்கிறார்கள். "ஃபியூ" என்று மட்டும் இருந்தால் அநேகமாக யாருமே இல்லை. "ஹார்ட்" என்றால் கடினமாக. "ஹார்ட்லி" என்றால் அரிதாக. "ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்" என்பதை "கடுமையாக உழைக்கிறான்" என்று படித்தால் சோம்பேறிக்கு மாலை போட்டுவிடுவாய். "இஃப்" என்பது "வந்தால்" என்பதில் வரும் "ஆல்". "அன்லெஸ்" என்பது "வராவிட்டால்" என்பதில் வரும் "ஆவிட்டால்". "ஹவ்எவர்", "ஆல்தோ", "யெட்" மூன்றும் திருப்பம். வண்டி ஓட்டும்போது வளைவுப் பலகையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைக்கிறோமே, அதுபோல் இந்தச் சொற்களிடம் மெதுவாகப் போ. தேர்வுக் கேள்விகள் பெரும்பாலும் அந்த வளைவுக்கு அந்தப் பக்கம்தான் காத்திருக்கும்.

ஒரு மாணவி, மாச்சாப்: சீனாவில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு மாணவர்கள் இரவு பகலாக ஆங்கிலம் படிக்கிறார்களாமே? அவர்களோடு நாம் போட்டிபோட முடியுமா?

அந்தத் தேர்வின் பெயர் கௌகாவ். ஆண்டுதோறும் ஜூன் 7-ஆம் நாள் தொடங்கும். 2024-இல் 13.42 மில்லியன் பேர் பதிந்துகொண்டார்கள். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் நின்றுபோன அந்தத் தேர்வு 1977-இல் மீண்டும் வந்தபோது, சுமார் 5.7 மில்லியன் பேர் எழுதி மூன்று இலட்சத்துக்கும் குறைவானவர்களே இடம் பெற்றார்கள். இன்று மொத்தம் 750 புள்ளியில் ஆங்கிலத்துக்கு 150. அதில் வாசிப்புக்கு மட்டும் 50.

அந்த வாசிப்புப் பகுதியில் "ஏழில் ஐந்து" என்று ஒன்று இருக்கிறது. பத்தியில் ஐந்து வாக்கியத்தை உருவிவிட்டு, ஏழு வாக்கியத்தைக் கொடுத்து, எது எங்கே பொருந்தும் என்று கேட்பார்கள். நம் மூவெட்டின் நான்காம் பகுதியும் அதே இனம்தான்: ஆறு இடைவெளி, ஏழு வாக்கியம். பெய்ஜிங்கில் ஒரு பிள்ளையும் மாச்சாப்பில் நீயும் ஒரே வகைப் புதிரோடு மல்லுக்கட்டுகிறீர்கள். அந்தப் பிள்ளை பட எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வர வேண்டும். நீயோ ரோமன் எழுத்தில் மலாய் படித்தே வளர்ந்தவள். எழுத்து உனக்குப் புதிதன்று. போட்டி என்று நினைக்காதே. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒரு நாளும் விடாத பழக்கம்.

அந்தக் கடிதத்தின் பின்குறிப்பு: இடைவெளி நிரப்பும் அந்தப் பகுதிக்கு வழி சொல்லுங்கள்.

தமிழில் காட்டுகிறேன். "தோட்டத்துப் பள்ளியில் ஒரே ஓர் ஆசிரியர்தான் இருந்தார். ______ அதனால் மற்ற வகுப்புகளில் ஒரே இரைச்சல்." நடுவில் எது வரும்? "பள்ளியைச் சுற்றி ரப்பர் மரங்கள் இருந்தன" என்பதா? "அவரால் ஒரு நேரத்தில் ஒரு வகுப்புக்குத்தான் பாடம் நடத்த முடிந்தது" என்பதா? இரண்டாவதுதான் என்று உடனே சொல்லிவிட்டாய். எப்படிச் சொன்னாய்? "அவர்" என்ற சொல் முன் வாக்கியத்தைத் தொட்டது. "அதனால்" என்ற சொல் காரணம் கேட்டது. ஆங்கிலத்திலும் "ஹீ", "தே", "திஸ்", "சச்", "தெரஃபோர்" ஆகியவைதான் கொக்கிகள். இடைவெளிக்கு முன்னும் பின்னும் கொக்கியைத் தேடு. இரண்டு பக்கமும் மாட்டுகிற வாக்கியம் ஒன்றுதான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் அது ஏமாற்ற வந்த ஏழாவது வாக்கியமாகவும் இருக்கலாம்.

ஒரு கல்லூரி மாணவன், டுரியான் துங்கால்: அக்காவின் பழைய மூவெட் தாளில் "சரி", "தவறு", "சொல்லப்படவில்லை" என்று மூன்று விடை இருக்கிறது. தவறுக்கும் சொல்லப்படாததற்கும் என்ன வித்தியாசம்?

2021-இல் தாள் மாறுவதற்கு முன்பு இருந்த கேள்வி வகை அது. இப்போது இல்லையென்றாலும் பயிற்சிக்கு மிக நல்லது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் போக ஐ.இ.எல்.டி.எஸ் எழுதினால் அங்கேயும் இதே வகையைச் சந்திப்பாய்.

பத்தி இப்படி இருக்கட்டும்: "அந்தத் தோட்டத்தில் நாற்பது குடும்பங்கள் இருந்தன. பெரும்பாலோர் விடியற்காலையில் மரம் வெட்டப் போனார்கள்." இப்போது, "எல்லாரும் மாலையில் வேலைக்குப் போனார்கள்" என்றால் தவறு, பத்தி அதை மறுக்கிறது. "பெண்களும் மரம் வெட்டினார்கள்" என்றால் சொல்லப்படவில்லை. பெண்களும் வெட்டினார்கள் என்பது நம் அனைவருக்கும் தெரியும். நம் பாட்டிமார்களே வெட்டினார்கள். ஆனால் பத்தி சொல்லவில்லை. கருத்துணர்தலில் நீ அறிந்ததற்குப் புள்ளி இல்லை. பத்தி சொன்னதற்குத்தான் புள்ளி. சொன்னதையும் தெரிந்ததையும் பிரித்துப் பார்க்கப் பழகியவனை வதந்தியும் ஏமாற்றாது.

ஒரு மாணவி, அலோர் காஜா: நான்கு விடையைக் கொடுத்துக் குழப்பும் இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யார்?

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஃபிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர் 1915-இல் வெளியிட்ட மௌன வாசிப்புத் தேர்வு, விடையைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு முன்னோடி என்பார்கள். ஆக, இந்த முறை பிறந்ததே வாசிப்பைச் சோதிக்கத்தான்.

பொய் விடைகளில் மூன்று சாதி உண்டு, தெரிந்துகொள். ஒன்று, பத்தியில் வந்த சொல்லை அப்படியே எடுத்து வேறு பொருளில் வைப்பது. இரண்டு, உலகத்தில் உண்மையாக இருந்து பத்தியில் இல்லாதது. மூன்று, பாதி உண்மையோடு "ஆல்", "ஒன்லி", "நெவர்" சேர்த்து எல்லை மீறுவது. மூன்றையும் தள்ளு. மிச்சம் நிற்பது பெரும்பாலும் பத்தியின் கருத்தை வேறு சொற்களில் சொல்லும் அமைதியான விடை.

அதே மாணவி: எவ்வளவு யோசித்தும் விடை தெரியாவிட்டால் விட்டுவிடலாமா?

விடாதே. தவறான விடைக்குப் புள்ளியை வெட்டுவதில்லை. வெற்றிடத்துக்கு மட்டும்தான் நிச்சயமான சுழியம்.

ஐந்தாம் படிவ மாணவி, ரெம்பியா: எஸ்.பி.எம் ஆங்கிலத்தில் பத்து இடத்தில் சொல்லை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்கிறார்களே, அது வாசிப்பா, இலக்கணமா?

இரண்டும். 2021 முதல் புதிய வடிவில் வரும் எஸ்.பி.எம் ஆங்கிலத்தின் முதல் தாள் 90 நிமிடம், 40 கேள்வி. அதன் இரண்டாம் பகுதியில் நீ சொல்லும் பத்து இடைவெளி. சொல்லை உருவிவிட்டு நிரப்பச் சொல்லும் இந்த முறையை 1953-இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அமைத்தார். ஒரு பத்தி வாசகருக்கு எவ்வளவு எளிதாகப் புரிகிறது என்று அளப்பதே அவர் நோக்கம். ஆகவே, இடைவெளியை மட்டும் பார்க்காதே. முழுப் பத்தியையும் ஒரு முறை படித்துவிட்டு நிரப்பத் தொடங்கு. பொருள் தெரிந்தால் சொல் தானாக நாக்கில் வரும்.

ஒரு தந்தை, டுரியான் துங்கால்: வாசிப்புத் தாளின் பங்கு குறைந்துவிட்டதாமே? எழுத்துக்கும் பேச்சுக்கும் மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாதா?

போதாது. 2008-இலிருந்து 2020 வரை மூவெட்டில் வாசிப்புக்கு 40 விழுக்காடு. 2021 முதல் நான்கு தாளுக்கும் சமமாக 25. கணக்கில் குறைந்தது உண்மைதான். ஆனால் கேட்டல் தாளில் கேள்வியை வாசித்துத்தான் விடை எழுத வேண்டும். எழுத்துத் தாளில் கொடுத்த கடிதத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் மறுமொழி சரியாக வரும். பேச்சுக்குத் தலைப்பு தரும் தாளையும் வாசித்தே ஆக வேண்டும். வாசிப்பு ஒரு தாள் அன்று, ஐயா. நான்கு தாளுக்கும் அதுதான் வாசல்.

ஒரு மாணவன், பூலாவ் செபாங்: தினமும் ஒரு பழைய தேர்வுத் தாள் செய்கிறேன். புள்ளி ஏறவே இல்லை. ஏன்?

ரப்பர் பால் நிறுக்கும் தராசு மரத்தில் பாலைக் கூட்டாது, தம்பி. பழைய தாள் தராசு. இரண்டு வாரத்துக்கு ஒரு தாள் போதும். மற்ற நாளில் படி: செய்தி, கதை, கட்டுரை, எதுவானாலும். தாள் செய்த அன்று தவறிய கேள்விகளுக்குத் தனி நோட்டுப் புத்தகம் போடு. மூன்று வரி எழுது: நான் தேர்ந்தெடுத்தது எது? சரியான விடை பத்தியில் எந்த வரியில் இருக்கிறது? நான் ஏன் ஏமாந்தேன்? ஐந்து தாள் முடிந்ததும் நோட்டைப் புரட்டினால் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வந்திருப்பதைக் காண்பாய். அந்த ஒன்றைத் திருத்து. ஏணி அங்கேதான் இருக்கிறது.

ஒரு தாய், சிம்பாங் அம்பாட்: டியூஷனுக்கு அனுப்பாமல் முடியுமா?

நல்ல டியூஷன் கைகொடுக்கும், மறுக்கவில்லை. 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நாடெங்கும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசலுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு ஒரு டியூஷன் வகுப்பு 120 நிமிடம். வீட்டில் நாளுக்கு 20 நிமிட வாசிப்பு வாரத்துக்கு 140 நிமிடம். டியூஷனுக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள், முடியாவிட்டால் கலங்காதீர்கள். அந்த 20 நிமிடத்தை மட்டும் எவருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு தாய், காடெக்: எனக்கு ஆங்கிலம் ஒரு எழுத்துகூடத் தெரியாது. மகளுக்கு நான் எப்படி உதவ முடியும்?

இந்தக் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தேன், அம்மா. உங்களால் முடியும், பல ஆசிரியர்களால் முடியாத ஓர் உதவியே உங்கள் கையில் இருக்கிறது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகளை ஓர் ஆங்கிலப் பத்தி படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுத் தமிழில் கேளுங்கள்: "யாரைப் பற்றிப் போட்டிருக்கு? என்ன நடந்துச்சு? ஏன் அப்படி நடந்துச்சு?" அவள் சொல்லட்டும். தடுமாறினால், "திரும்பப் பாரு, எந்த வரியில இருக்கு, விரலை வை" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். விரல் வைத்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. விரல் வைக்க ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

பிள்ளை தனக்குப் புரிந்ததை இன்னொருவருக்கு வேறு மொழியில் சொல்லிக் காட்டும்போது, புரியாத இடம் அவளுக்கே வெளிச்சமாகத் தெரியும். அரைகுறையாகப் புரிந்ததை அம்மாவிடம் முழுக்கதையாகச் சொல்ல முடியாது; நீங்கள் "ஏன்?" என்று கேட்டுவிடுவீர்கள். தேர்வில் கேட்பதும் அந்த "ஏன்" என்ற கேள்வியைத்தான். ஆங்கிலம் தெரியாத அம்மாவின் தமிழ்க் கேள்வி, ஆங்கிலக் கருத்துணர்தலுக்கு மிகச் சிறந்த பயிற்சி. வெட்கப்பட வேண்டாம். இன்றிரவே தொடங்குங்கள்.

ஒரு மாணவன், மஸ்ஜிட் தானா: கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துப் படித்தால் சீக்கிரம் புரிகிறதே?

புரிவது உனக்கு, படிப்பது தொலைபேசி. தேர்வு மண்டபத்துக்குள் அது வராது. முதலில் நீயாகப் படி. பிறகு சரிபார்க்க மட்டும் அதை எடு.

ஒரு மாணவி, அலோர் காஜா: எந்த ஆங்கிலப் புத்தகத்தில் தொடங்கலாம்? எல்லாமே வெள்ளைக்காரர் கதையாக இருக்கிறது.

நம்மவர் கதையில் தொடங்கு. கெடாவில் பெடோங்கில் 1942-இல் பிறந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய "தி ரிட்டர்ன்" நாவல் 1981-இல் வந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் ஒரு தமிழ்ச் சிறுவனின் கதை. நீ கடக்கும் பாதையை அவன் உனக்கு முன்பே கடந்திருக்கிறான். பிறகு பிரீத்தா சமரசனின் "ஈவினிங் இஸ் தி ஹோல் டே". 2008-இல் வந்தது, ஈப்போவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அதன் வாக்கியங்கள் நீளம். அடைப்புக்குறி போடும் பயிற்சிக்கு ஏற்றது. இரண்டும் கடினமாக இருந்தால் ஆர். கே. நாராயணனின் "சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்". 1935-இல் வந்த அந்த நூலில் தென்னிந்தியச் சிறுவர்கள் குட்டி குட்டி வாக்கியங்களில் ஓடி விளையாடுவார்கள். பழக்கமான உலகத்தைப் பற்றிப் படிக்கும்போது பாதிப் பொருள் ஏற்கெனவே கையில் இருக்கும். மீதிப் பாதிக்குத்தான் ஆங்கிலம் வேண்டும். நூல்களை வாங்க வேண்டும் என்பதில்லை; மாநிலப் பொது நூலகத்தில் உறுப்பினராகு.

ஒரு பெரியவர், தெபோங்: நாங்கள் ஆங்கிலம் படிக்காமலேயே வாழ்ந்துவிட்டோம். இந்தத் தலைமுறைக்கு மட்டும் ஏன் இத்தனை பாடு?

வாழ்ந்தீர்கள் ஐயா, உங்கள் உழைப்பில்தான் நாங்கள் நிற்கிறோம். ஆனால் என்ன விலை கொடுத்து வாழ்ந்தீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். தோட்டங்களில் பெண்கள் முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி மருந்து அடித்தார்கள். பாராகுவாட் என்ற அந்த நஞ்சை 2002-இல் அரசு தடுக்க முனைந்து, 2006-இல் தளர்த்தி, 2020-இல்தான் முற்றாகத் தடை செய்தது. அதுவரை அதைச் சுமந்தவர்களில் எத்தனை பேருக்கு டின்னில் ஒட்டியிருந்ததைப் படித்துச் சொல்ல ஆள் இருந்தது? கங்காணி சொன்னதுதான் பாடம்.

இன்று அந்த டின் இல்லை. அதன் இடத்தில் வேலை ஒப்பந்தம் இருக்கிறது, வங்கிக் கடன் பத்திரம் இருக்கிறது, காப்புறுதித் தாள் இருக்கிறது. சிறிய எழுத்தில் "அன்லெஸ்" என்று ஒரு சொல் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் கண் நம் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டும். கருத்துணர்தல் தேர்வுக்காக மட்டும் அன்று, ஐயா. இன்னொருவர் படித்துச் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடும் நிலைமை நம் குடும்பத்தில் முடிய வேண்டும் என்பதற்காகத்தான்.

ஒரு பட்டதாரி, டுரியான் துங்கால்: நான் இந்த வட்டாரத்தில்தான் படித்து முடித்தேன். நம் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. எதில் தொடங்குவது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், தம்பி. நம் அலோர் காஜா மாவட்டத்துக்குள்ளேயே மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மஸ்ஜிட் தானா பக்கம் மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. பல்கலைக்கழக வாசல் நம் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கும்போது, ஒரு வாசிப்புத் தாளுக்கு அஞ்சி நம் பிள்ளைகள் பின்வாங்கக் கூடாது.

பெரிய இயக்கம் எதுவும் வேண்டாம். சனிக்கிழமை காலை, பசியாறிவிட்டு ஒரு மணி நேரம். கோயில் மண்டபமோ, தாமானில் உன் வீட்டு முன் கூடமோ போதும். ஐந்து பிள்ளைகள். ஒரு பக்க ஆங்கிலச் செய்தி ஐந்து பிரதி. முதல் கால் மணி நேரம் எல்லாரும் மௌனமாக வாசிக்கட்டும். அடுத்து, ஒருவர் தமிழில் சொல்லட்டும், மற்றவர் "எந்த வரியில்?" என்று கேட்கட்டும். கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியும் நான்கு விடையும் தயாரிக்கட்டும். பொய் விடை தயாரிக்கத் தெரிந்த பிள்ளை பொய் விடையில் விழாது. கட்டணம் வாங்காதே, தாமதமாக வருபவரை விரட்டாதே, ஒரு சனிக்கிழமையும் தவறாதே.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இதே வேண்டுகோள். உங்களில் ஒருவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியுமென்றால், உங்கள் தெருவில் வாசிக்கத் தடுமாறும் ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கிறது. வரும் சனிக்கிழமை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.